பூட்டில்லாத மரம்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கிறது என்பதே அந்த அலுவலகத்தில் பலருக்கு மறந்துபோயிருந்தது. "மரத்தக்கா" என்றால்தான் தெரியும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டால் அது அன்பு. அவளைவிட மூத்தவரான தாடிக்காரர் கூப்பிட்டால் அது கிண்டல். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள். தான் வளர்த்த மரத்தின் பெயரால் அழைக்கப்படுவதில் அவளுக்குப் பெருமை. அதை மறைக்க அவள் மெனக்கெடவும் இல்லை.

மரம் என்றதும் வாசலில் நிற்கும் மரத்தை நினைத்துவிட வேண்டாம். இது கணினிக்குள் இருப்பது. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஓர் இயந்திரம் நிற்குமே, பெயரைத் தட்டி, எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று தொட்டு, டோக்கன் எடுத்துக்கொள்வோமே, அந்த இயந்திரத்தின் திரைகளை வடிவமைக்கிற அலுவலகம் அது. இரண்டாவது மாடியில் ஒரே நீளமான கூடம். வரைகிறவர்கள் ஜன்னல் பக்கம், புரோகிராம் எழுதுகிறவர்கள் சுவர்ப்பக்கம், திரையில் வரும் வார்த்தைகளை எழுதுகிறவர்கள் காபி மெஷினுக்குப் பக்கத்தில். நடுச்சுவரில் எல்லோரும் பார்க்கும்படி ஒரு பெரிய திரை.

மரம் முளைப்பதற்கு முன் அங்கே நடந்ததைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆளுக்கு ஆள் தனக்கென்று ஒரு பட்டன் வரைந்து வைத்திருந்தார்கள். 'சரி' என்று எழுதிய பட்டன் மட்டுமே நாற்பது சொச்சம். ஒன்றுக்கு மூலை வளைவு, இன்னொன்றுக்கு மூலை கூர், மூன்றாவது எந்தக் கட்சியிலும் சேராதது. கோப்புகளுக்கு வைத்த பெயர்களோ 'இறுதி', 'புது இறுதி', 'இதுதான் இறுதி', 'இதைத் தொடாதே'. புரோகிராம் எழுதும் தாடிக்காரர் ஒவ்வொரு முறையும் ஜன்னல் பக்கம் வந்து, "எதைத்தான்யா நான் செய்யறது? நீங்க நாலு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க, அதுவரைக்கும் நான் போய்த் தூங்கறேன்" என்பார்.

அவள்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்தாள். யார் சொல்லியும் அல்ல, எரிச்சல் தாங்காமல். பட்டன், பெட்டி, தலைப்பு, படம் என்று சிதறிக் கிடந்த துண்டுகளை எல்லாம் பொறுக்கி, எது எதனுடைய பிள்ளை என்று பார்த்து, வரிசை வைத்து அடுக்கினாள். மேலே தாய்ப் பட்டன். அதன் கீழே பிள்ளைகள். அவற்றுக்குக் கீழே பேரப்பிள்ளைகள். தாய்க்கு நிறம் மாற்றினால் வம்சம் முழுக்க மாறிவிடும். பிள்ளைக்கு மட்டும் மாற்றினால் அந்தப் பிள்ளையோடு நின்றுவிடும். கூடத்தில் இருந்தவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு உறவுமுறையே கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். தாயிடமிருந்து துண்டித்துக்கொண்டு தனியாக நிற்கும் பட்டனுக்கு 'கோவிச்சிட்டுப் போன பிள்ளை' என்று பெயர். ஜாடை இருந்தும் வேறு கிளையில் இருப்பது 'ஒண்ணுவிட்ட தம்பி'.

அந்த மரத்தின் அழகே அது மடங்குவதில்தான். ஒவ்வொரு கிளையின் பக்கத்திலும் ஒரு சின்ன முக்கோணம். அதைத் தட்டினால் நூறு பிள்ளைகள் உள்ள கிளைகூட ஒரே வரியாய்ச் சுருண்டுகொள்ளும். இன்னொரு தட்டில் விரியும். பட்டனைப் பார்க்க வந்தவர் பட்டன் கிளையை மட்டும் திறந்தால் போதும். மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டு கிடக்கும். கூடவே, யார் வேண்டுமானாலும் எந்தக் கிளையையும் திருத்தலாம். யார் எந்தக் கிளையில் இருக்கிறார்கள் என்பது அவரவர் நிறத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும். ஒரே நேரத்தில் பத்துப் பேர் வேலை செய்யும்போது அந்தப் புள்ளிகள் கிளைக்குக் கிளை நகர்வதைப் பார்த்துக்கொண்டே அவள் காபியை ஆறவிட்டுவிடுவாள்.

பிரச்சினை அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதில்தான் வந்தது.

மேலாளர் கெட்ட மனிதர் அல்ல, சூடு கண்டவர். முன்பு ஒருமுறை யாரோ இரண்டு திரைகளை அழித்துவிட, ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர் அவர்தான். அவர் அவளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"மரம் அருமையா இருக்கு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா எல்லாரும் தொடலாம்னா அது மரம் இல்ல, சந்தைக்கடை. குரங்கு கையில பூமாலையக் குடுத்த மாதிரி ஆயிடும். சாவி உங்க கையில மட்டும் இருக்கட்டும். மத்தவங்க பாக்கட்டும், தொட வேண்டாம்."

பொய் சொல்வானேன், ஒரு கணம் அவளுக்கு நாவில் எச்சில் ஊறியது. சாவி உன் கையில் என்பது இனிக்கிற சொல்தான். அவளைக் கேட்காமல் அந்த அலுவலகத்தில் ஓர் அணுவும் அசையாது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் கணவர் பூட்டுக்கடை வைத்திருந்தார். பூட்டு விற்பார், திறக்காத பூட்டைத் திறந்து கொடுப்பார், தொலைந்த சாவிக்குப் புதுச் சாவி வெட்டுவார். சாயங்காலம் அவர் காய் நறுக்க, அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"பூட்டறதுதான் சரின்னு நீங்க சொல்வீங்கன்னு தெரியும். உங்க பொழப்பே அதுதானே" என்றாள்.

"பொழப்பு அதுதான். ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? திருட்டுப் போச்சுன்னு என்னைக் கூப்பிட்டவங்க ரொம்பக் கம்மி. சாவிய உள்ள வெச்சுட்டு என் வீட்டு வாசல்லயே நான் நிக்கறேன்னு கூப்பிடறவங்கதான் அதிகம்."

அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கமாவின் நினைவு வந்தது. கமா என்பது வார்த்தைகள் எழுதும் பெண்ணுக்கு அலுவலகம் வைத்த பெயர். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளி வைக்க மாட்டாள். மரம் வருவதற்கு முன், ஒரு திரையில் 'வலதுபுறம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'இடதுபுறம்' என்று இருந்ததை அவள் கண்டுபிடித்தாள். அவளுக்குத் திருத்த உரிமை இல்லை. ஒருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, அவர் லீவில் போயிருக்க, அந்த வாரம் முழுவதும் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் எல்லோரும் எலும்பு மருத்துவர் வாசலில் போய் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் மேலாளரிடம் போனாள். "ஆஸ்பத்திரிக்காரங்க பாக்க வர்ற நாள் வரைக்கும் திறந்தே இருக்கட்டும் சார். அதுக்குள்ள ஒரு கிளை கெட்டாலும் நானே பூட்டிச் சாவிய உங்க கையில குடுத்துடறேன். அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது உறைத்தது. ஆனால் பின்வாங்குகிற ரகம் அல்ல அவள்.

அதற்குப் பிறகு மரம் வளர்ந்த வேகம் அவளே எதிர்பார்க்காதது. கமா கிளை கிளையாகத் திறந்து வார்த்தைகளை இளைக்க வைத்தாள்; 'தயவுசெய்து தங்களது பெயரினை உள்ளிடவும்' என்பது 'உங்கள் பெயர்?' ஆனது. "மரமாம், தோப்பாம்" என்று முகத்தைச் சுளித்த தாடிக்காரர்கூட ஒருநாள் சத்தமில்லாமல் பட்டன் கிளைக்குள் புகுந்து, கைநடுக்கம் உள்ளவர்களுக்கு இடைவெளி போதாது என்று அளவுகளை மாற்றிவிட்டுப் போயிருந்தார். மாற்றம் சரியாகத்தான் இருந்தது. அவரிடம் போய் அவள் அதைச் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் ஒரு விஷயம் உண்டு. எல்லோரும் தொடலாம் என்று சண்டை போட்டவளுக்கு, மற்றவர்கள் தொட்டதைத் தானும் ஒருமுறை தொடாமல் சோறு இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து மரத்தைத் திறப்பாள். ஒரு கோடு நகர்த்துவாள், ஒரு பெயரைத் திருத்துவாள், திறந்து கிடக்கும் கிளைகளை எல்லாம் மடித்துவைப்பாள். கணவர் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டே தினமும் அதே கேள்வியைக் கேட்பார்.

"என்ன, மரத்துக்குத் தண்ணி ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு, ஊத்தியாச்சு. சாப்பாட்டப் போடுங்க."

ஆஸ்பத்திரிக்காரர்கள் வரும் நாளும் வந்தது. பிற்பகலில் வருகிறார்கள் என்பதால் காலையில் ஓர் ஒத்திகை. கூடத்தில் எல்லோரும் சுவர்த்திரை முன்னால் கூடினார்கள். மேலாளர் புதுச் சட்டை போட்டிருந்தார். முதல் திரை வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

ஒவ்வொரு திரையின் அடியிலும் உள்ளங்கை அகலத்தில், ரத்தச் சிவப்பில் இருக்க வேண்டிய 'அவசரம்' பட்டன், வெளிர் பச்சையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, சாதுவாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது திரையிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. உயிர் போகிற அவசரத்தில் வருகிறவர் அதைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும்.

"நான் சொன்னேனா இல்லையா?" மேலாளரின் குரல் கூடத்தின் மறுகோடி வரை போனது. "அன்னைக்கே சொன்னேன், குரங்கு கையில பூமாலைன்னு! யார் செஞ்சது இது?"

எல்லோருடைய கண்ணும் கமா பக்கம் திரும்பியது. அவசரம் கிளையின் வார்த்தைகள் அவளுடையவை. முந்தின நாள் பகல் முழுக்க அந்தக் கிளையில் இருந்தது அவளுடைய மஞ்சள் புள்ளிதான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கமாவுக்குப் பேச்சு வரவில்லை. "நான் நகர்த்தவே இல்லக்கா" என்று மட்டும் சொன்னாள். கண் நிரம்பிவிட்டது.

மரத்தக்கா தன் கணினியைத் திறந்தாள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. அவசரம் கிளை மடித்து வைக்கப்பட்டிருந்தது. மடித்தால் ஒரே வரி. பார்க்க ஒற்றைத் துரும்பு மாதிரி இருக்கும், உள்ளே ஒரு குடும்பமே இருக்கும். யாரோ அந்த வரியைப் பிடித்து இழுத்து, 'பின்செல்' பட்டன் கிளைக்குள் போட்டுவிட்டார்கள். பின்செல் பட்டன் சின்னது, வெளிர் பச்சை. புகுந்த வீட்டுத் தாயின் ஜாடை அவசரத்துக்கும் அதன் பிள்ளை குட்டிகள் அத்தனைக்கும் வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்தக் கிளையை மடித்து வைத்ததே முந்தின நாள் சாயங்காலம் அவள்தான், வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றும்போது. ஆனால் இழுத்தது அவள் இல்லை.

கடைசியாக நகர்த்தியவர் யார் என்பது கிளையின் ஓரத்தில் இருந்தது. படித்தாள். இன்னொரு முறை படித்தாள். மேலாளர்.

"அவ இல்ல சார்" என்றாள் சத்தமாக. "யாருன்னு பாத்துட்டேன். கமா இல்ல."

"பின்ன யாரு?"

"அதத் தனியாச் சொல்றேன்."

"எதுக்குத் தனியா? எல்லாருக்கும் தெரியட்டும். அந்த ஆள் இனிமே மரத்துப் பக்கமே வரக் கூடாது. சொல்லுங்க!"

நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஒரே ஒரு சொல். சொன்னால் இந்த வாரம் முழுக்கக் காபி மெஷின் பக்கம் அதுதான் பேச்சாக இருக்கும். ஆனால் ஒரு கைத்தவறுக்காக ஓர் ஆளைச் சபையில் நிறுத்தினால், நாளைக்கு யார் பயமில்லாமல் ஒரு கிளையைத் தொடுவார்கள்? பூட்டு போட்டதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அவள் சொல்லை விழுங்கினாள். கணினியை அவர் பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி திருப்பினாள்.

மேலாளர் குனிந்து படித்தார். புதுச் சட்டையின் காலருக்கு மேல் கழுத்து சிவந்துகொண்டே போனது. முந்தின நாள் இரவு வீட்டு சோபாவில் சாய்ந்துகொண்டு, டேப்லெட்டில் மரத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தள்ளுவதாக நினைத்த விரல் ஒரு வரியை அழுத்திப் பிடித்திருந்தது.

"சரி" என்றார், தரையைப் பார்த்து. "இப்ப முதல்ல அதத் திருத்துங்க."

"திருத்தியாச்சே" என்றார் தாடிக்காரர்.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். எல்லாத் திரையிலும் அவசரம் பட்டன் பழையபடி சிவப்பாக, அகலமாக உட்கார்ந்திருந்தது. மேலாளர் படித்து முடித்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே கமா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கையால் கிளையைப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டிருந்தாள். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "நல்லது. ஆனா பேச்சு பேச்சுதான். மீட்டிங் முடிஞ்சதும் பூட்டிடுங்க. எல்லாருக்கும் சேத்துத்தான், எனக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். வாக்குக் கொடுத்தது அவள்தானே. இடத்துக்கு வந்து உட்கார்ந்தபோது எதிர் மேசையில் தாடிக்காரர் ஏதோ மும்முரமாகத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கேட்கத் தோன்றவில்லை.

பிற்பகலில் ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். கோட் போட்ட இரண்டு பேர், அவர்களோடு தலைமை நர்ஸ். கோட்டுக்காரர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். நர்ஸ் அம்மா நேரே சுவர்த்திரைப் பக்கத்தில் போய் நின்று, கையை நீட்டி அளந்து பார்த்தார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தச் செவப்பு பட்டன் ரொம்பக் கீழ இருக்கு. சக்கர நாற்காலியில வர்றவங்களுக்குச் சரி. கையில குழந்தையத் தூக்கிட்டு ஓடி வர்ற அம்மா குனிஞ்சா அழுத்துவா? ரெண்டு பேருக்கும் எட்டற இடமா வேணும்."

முன்பெல்லாம் இதற்கு 'அடுத்த மாசம் காட்டுகிறோம்' என்பதுதான் பதில். மேலாளர் மரத்தக்காவைப் பார்த்தார். அவளுக்கும் விரல் துறுதுறுத்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு ஒருநாள்தான் இது எல்லோருடைய மரம். கடைசியாக ஒருமுறை எல்லோரும் தொடட்டும் என்று கைகளை மடியில் கோர்த்துக்கொண்டாள்.

சுவரில் மரம் விரிந்தது. தாடிக்காரரின் நீலப் புள்ளி அவசரம் கிளையில் இறங்கியது. பட்டன் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. பின்னாலேயே கமாவின் மஞ்சள் புள்ளி. இடம் குறைந்ததால் 'அவசர உதவிக்கு இங்கே தொடவும்' என்பது 'அவசரம்! தொடுங்கள்' ஆனது. ஜன்னல் பக்கமிருந்து ஒரு பச்சைப் புள்ளி வந்து, ஓரத்தைச் சற்றே அகலமாக்கிவிட்டுப் போனது. கிளை மடங்கியது. எல்லாத் திரைகளிலும் சிவப்பு பட்டன் ஒரே நேரத்தில் இடம் மாறியது.

தன் பிள்ளை முதல்முதலாக நடப்பதை மற்றவர்கள் பார்த்துக் கைதட்டும்போது தாய்க்கு எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது அவளுக்கு. ஏழு கடலையும் தாண்டிய மாதிரி பெருமை. அந்த மூன்று புள்ளிகளில் ஒன்றுகூட அவளுடையது இல்லை என்பதுதான் அந்தப் பெருமையின் உச்சம்.

நர்ஸ் அம்மா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "இத... நானே கொஞ்சம் மாத்திப் பாக்கலாமா? இன்னும் ஒரு விரக்கடை மேல ஏத்தணும். சொன்னாப் புரியாது, செஞ்சாத்தான் தெரியும். ஆனா கெட்டுப்போயிடுமோ?"

எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள். மேலாளர் மேசையில் இருந்த மவுஸைப் பார்த்தார். பிறகு கமாவைப் பார்த்தார். அவளுடைய கண்ணிமை இன்னும் வீங்கித்தான் இருந்தது.

அவர் மவுஸை எடுத்து நர்ஸ் அம்மா கையில் கொடுத்தார்.

"தாராளமா மாத்துங்கம்மா. கெட்டாலும் திருப்பிக்கலாம். இன்னைக்குக் காலையில இந்தப் பட்டனையே மூலையில கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிருந்தாங்க. பழிய இந்தப் பொண்ணு மேல போட்டுக் கத்தினேன். பூமாலையப் பிச்ச குரங்கு நான்தான். அவதான் எடுத்துக் கட்டினா."

முதலில் சிரித்தது கமா. பிறகு கூடமே சிரித்தது, கோட்டுக்காரர்கள் உட்பட. நர்ஸ் அம்மா மடங்கியிருந்த அவசரம் வரியைப் பிடித்து இழுத்தார். அது அசையவில்லை. அதற்குப் பதில் ஒரு வாசகம் வந்தது: 'முதலில் திறந்து பாருங்கள். உள்ளே ஆள் இருக்கிறார்கள்.'

மரத்தக்கா சட்டென்று திரும்பினாள். தாடிக்காரர் தாடியைச் சொறிந்துகொண்டார்.

"காலையிலதான் போட்டேன். மடிச்ச கிளைய இனிமே யாராலயும் இழுக்க முடியாது. வார்த்தை கமாவோடது" என்றார். "கேக்காம செஞ்சுட்டேன் மரத்தக்கா. தப்பா?"

இந்த முறை அவர் குரலில் கிண்டல் இல்லை. அவள் இல்லை என்று தலையசைத்தாள். வாய் திறந்தால் அழுகை வந்துவிடும் போலிருந்தது, பெருமையில் வருகிற அழுகை.

நர்ஸ் அம்மா கிளையைத் திறந்து, பட்டனை ஒரு விரக்கடை மேலே ஏற்றினார். மரத்தில் வெள்ளையாய் ஒரு புதுப் புள்ளி நின்றது.

விருந்தாளிகளை வழியனுப்பிவிட்டு வந்த மேலாளரிடம், "பூட்டறதப் பத்தி..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எதப் பூட்டறது?" என்றார் அவர், நடந்துகொண்டே. "போய் வேலையப் பாருங்க."

அன்று சாயங்காலம் அவள் வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குரங்கு வந்த இடத்தில் கணவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தட்டு வைத்தார். தண்ணீர் வைத்தார். அவள் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். போன் இன்னும் கைப்பையிலேயே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்ன, மரத்துக்குத் தண்ணி ஊத்தலையா?"

"இல்லைங்க" என்றாள் அவள். "இன்னைக்கு என் முறை இல்ல."